அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்காக வாங்கிய குட்டி மோட்டார்கள்

கோயம்புத்தூரில் 22 வருடமாக பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். நெல்லிக்காய் அளவு மோட்டாரைக் கையில் எடுத்தது போன ஆடியில்தான். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. காலையில் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து ஒரு நாள் இரண்டு முறை போட்டுவிட்டார். அன்றைக்குப் பட்ட பயத்தில், பாலிடெக்னிக் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தேன். உள்ளே ஒரு வட்டத் தட்டு, அதில் அறைகள். வேளை வந்ததும் ஒரு அறை நகர்ந்து திறப்புக்கு நேரே வந்து நிற்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்குள் நான்கு வகை மோட்டார் வாங்கியாகிவிட்டது.

முதலில் எஸ்ஜி90 சர்வோ, 120 ரூபாய். எடை 9 கிராம்தான், ஆனால் சொன்ன கோணத்துக்குப் போய் நிற்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்பதை உள்ளே இருக்கும் ஒரு சின்ன பொட்டன்ஷியோமீட்டரை (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) வைத்துத் தெரிந்துகொள்கிறது. ஆனால் 180 டிகிரிக்கு மேல் திரும்பாது, தட்டில் பாதி வீண். அப்புறம் தட்டு லேசாக விலகினாலும் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். "ஏன் கண்ணு, இது ராத்திரியெல்லாம் முனகிட்டே கிடக்குதே?" என்று அம்மா இரண்டாம் நாளே கேட்டார். மூன்றாம் வாரம் தட்டு சிக்கியதில் பிளாஸ்டிக் பல் மொட்டையாகிவிட்டது. மெட்டல் கியர் என்று சொல்லி ஒரு கடையில் இன்னொன்று கொடுத்தார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அதுவும் பிளாஸ்டிக். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் மேல் மூடி வந்துவிடும், கடையிலேயே பார்த்து வாங்குங்கள். ஒரு மூடியைத் திறந்து மூட, ஒரு கதவுக்குக் கொக்கி போட என்றால் சர்வோவே போதும்.

அடுத்து என்20 கியர் மோட்டார், 6 வோல்ட், 30 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 30 சுற்று). இந்த மோட்டார் மேல் எனக்குத் தனி மரியாதை. அகலம் 12 மில்லிமீட்டர், உயரம் 10. பித்தளைப் பல் அடுக்கு, 3 மில்லிமீட்டர் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக வெட்டியிருப்பதால் சக்கரம் வழுக்காது. விரலால் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. மகளின் கோடு பார்த்து ஓடும் வண்டியில் இப்போது இரண்டு ஓடுகின்றன, ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. இத்தனை விநாடி ஓடு என்று கணக்கு வைத்தோம். பேட்டரி புதிதாக இருந்த அன்று தட்டு கூடுதலாகப் போனது, நான்கு நாளில் குறைவாகப் போனது. என்கோடர் (தண்டு எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்லும் பாகம்) வைத்த என்20 வாங்கியிருக்கலாம்தான், விலை இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். ஒரு எச்சரிக்கை: கியர் விகிதம் அதிகமான என்20-இன் தண்டைக் கையால் திருகாதீர்கள், பல் உடையும்.

பம்ப் மோட்டார் நின்றால், தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குட்டி மோட்டாருக்குத்தான் அந்தக் கேள்வியே முக்கியம். கடையில் எத்தனை வோல்ட், எத்தனை ஆர்பிஎம் என்று மட்டும் கேட்டு எடுத்துக் கொடுக்கிறார்கள். ஓடி முடித்த பிறகு அது எங்கே, எப்படி நிற்க வேண்டும் என்பதை நாம்தான் முதலில் முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

அப்படி யோசித்தபோதுதான் 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பருக்கு, அதாவது ஸ்டெப் ஸ்டெப்பாக எண்ணி நகர்த்தக்கூடிய மோட்டாருக்கு, வந்து சேர்ந்தோம். அதன் காயில்களுக்குக் கரண்ட் கொடுக்கும் யுஎல்என்2003 போர்டோடு சேர்த்து 180 ரூபாய். ரோட்டார் ஒரு சுற்றுக்கு 32 ஸ்டெப், கியர் 1:64, ஆக வெளித்தண்டுக்கு 2048. வாரத்துக்கு 14 வேளை, ஆனால் 2048-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. அதனால் 16 அறை வைத்தோம். அறைக்கு 128 ஸ்டெப், இரண்டு அறை காலி. அழகாக ஓடியது.

நான்காம் வாரம் மாத்திரை திறப்பின் ஓரத்தில் முட்டி நின்றது. புரோகிராமில் தப்பில்லை என்று மகள் உறுதியாகச் சொன்னாள். ஸ்பேராக வாங்கி வைத்திருந்த மோட்டாரின் கியர் மூடியைத் திறந்து, குண்டூசி முனையால் பல்லை எண்ணினேன். 32-க்கு 9, 22-க்கு 11, 26-க்கு 9, 31-க்கு 10. இந்த நான்கு விகிதங்களையும் பெருக்கினால் 64 வரவில்லை, 63.68 வருகிறது. உண்மையில் ஒரு சுற்று என்பது 2038 ஸ்டெப்தான். நாங்கள் சுற்றுக்குப் பத்து ஸ்டெப் கூடவே தள்ளிக்கொண்டிருந்தோம். வாரத்துக்கு 1.8 டிகிரி, நாலு வாரத்தில் 7 டிகிரி. அறையே 22.5 டிகிரிதான். தட்டுக்கு அடியில் ஒரு சின்ன காந்தமும் பெட்டியில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும் வைத்தோம். சுற்றுக்கு ஒரு முறை காந்தத்தைக் கண்டதும் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கரண்ட் போய் வந்தாலும் முதலில் காந்தத்தைத் தேடிப் பிடித்துவிடும்.

இன்னொன்று, நின்ற பிறகும் கரண்ட் கொடுத்து வைத்தால் இது சூடாகும். ஒரே நேரத்தில் இரண்டு காயில், ஒவ்வொன்றிலும் 100 மில்லி ஆம்பியர், 5 வோல்ட்டில் ஒரு வாட். இந்த அளவுக்கு அது நிறைய. நகர்ந்து முடிந்ததும் கரண்ட்டை நிறுத்திவிடுகிறோம், எங்கள் தட்டைப் பிடித்து வைக்க கியரின் இறுக்கமே போதும். சத்தமும் இல்லை. கனமான தட்டு என்றால் இந்த மோட்டாரை நம்ப வேண்டாம், இழுவை குறைவு.

நான்காவது, 10 மில்லிமீட்டர் நாணய வடிவ வைப்ரேஷன் மோட்டார். அம்மாவுக்கு பஸ்ஸர் சத்தம் சரியாகக் கேட்பதில்லை. எவர்சில்வர் தட்டின் அடியில் இதை ஒட்டி, மேலே தண்ணீர் டம்ளர் வைத்தோம். வேளை வந்தால் டம்ளர் கடகடவென்று அதிரும், சமையலறையிலிருந்தே எழுந்து வருகிறார். வயர் முடி போல இருக்கும், முதல் வேலையாகக் குளூ கன்னால் ஒட்டிவிடுங்கள். ஆர்டுயினோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன போர்டு) பின்னில் நேராகக் கொடுக்காதீர்கள். ஊனோ ஆர்3 போர்டில் ஒரு பின்னின் உச்ச எல்லையே 40 மில்லி ஆம்பியர், மோட்டார் அதற்கு மேல் இழுக்கும், ஒரு டிரான்சிஸ்டரும் டயோடும் நடுவில் வேண்டும்.

28பிஒய்ஜே-48 வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். இதிலேயே 12 வோல்ட்டும் வருகிறது, உருவம் ஒன்றேதான். சிவப்பு வயருக்கும் மற்ற நான்குக்கும் நடுவே தனித்தனியாக வைத்துப் பாருங்கள். என்னுடைய 5 வோல்ட் மோட்டாரில் நான்கும் 50 ஓம்ஸை ஒட்டியே இருந்தன. ஒன்று மட்டும் விலகிக் காட்டினால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.