மாரிகாலத்துக் கோயிலுக்கு வாடகை வெளிச்சம்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் காய்ந்த மண்ணில் வயர் இழுக்கலாம். கார்த்திகை விளக்கீடு தொடங்கித் திருவெம்பாவை முடியும்வரை வன்னியில் அதே வயர் சேற்றிலும் வெள்ளத்திலும் கிடக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து ஒலி, ஒளிக் கடைகள் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே செட்டைத்தான் ஏற்றிக்கொண்டு வருகின்றன. அதனால் பரிபாலன சபைக்காரர் எத்தனை பல்ப் என்று பேரம் பேசுவதைவிட, வயர் ஜொயின்ற் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்பது நல்லது.

வழக்கமான பொதியில் வாசலுக்குப் பல்புகளால் படம் ஓடும் பிக்சல் போர்ட், மதிலுக்கும் மரத்துக்கும் சீரியல் பல்ப், வீதிக்கு ரியூப்லைற், கோபுரத்துக்கு ஃபிளட்லைற், ஒரு ஜெனரேற்றர் இருக்கும்.

பிக்சல் போர்ட்தான் விலை கூடியது, மழைக்கு முதலில் படுப்பதும் அதுதான். பிள்ளையாரும் வேலும் மாறி மாறி ஓடுவதற்கான சிக்னல் ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்புக்குக் கைமாறிப் போகிறது. நடுவில் ஒன்றுக்குள் தண்ணீர் போனால் அதற்குப் பின்னால் உள்ளவை அணையும், அல்லது கண்டபடி நிறம் மாறும். வேலின் பாதி மட்டும் எரியும் போர்ட்டைத் திருவிழா முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாரியில் இது வேண்டாம். வெயில் காலத்திலும் மூலஸ்தானத் தீபத்துக்கு நேரெதிரே கட்டுவது அழகில்லை.

சீரியல் பல்ப் பரவாயில்லை, ஆனால் பழைய செட்டா என்று பார்க்க வேண்டும். 230 வோல்ற்றில் நேரடியாக எரியும் செட்டில் பல்புகள் கூட்டம் கூட்டமாகத் தொடரில் இருக்கும். ஒன்றின் கால் துருப்பிடித்து அறுந்தால் அந்தக் கூட்டமே அணைந்துவிடும். கடைப் பையன்கள் செத்த பல்பை வெட்டிவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி விடுவார்கள். எரியும்தான். ஆனால் மிச்சப் பல்புகள் கூடுதல் வோல்ற்றேஜைத் தாங்க வேண்டிவருவதால் அவையும் சீக்கிரம் போகும். கறுப்பு ரேப் சுற்றிய இடங்கள் ஒரு செட்டில் மூன்று நான்குக்கு மேல் கண்ணில் பட்டால் வேறு செட் கேளுங்கள்.

ஜொயின்ற்றுக்கு வருவோம். இன்சுலேசன் ரேப் மழையைத் தடுக்காது. உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்கு மேலே, தடியில் கட்டி, அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலை மூடியோடு, வெட்டிய பக்கம் கீழே இருக்க, மேலிருந்து கவிழ்த்து மூடினால் செலவில்லாமல் வேலை முடியும். பிளக்கின் வாய் கீழே பார்க்க வேண்டும். வயர் பிளக்குக்கு மேலிருந்து நேராக இறங்கக் கூடாது. அதைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்றிப் சுவிச் முதல் தூறலுக்கே விழுவதற்குக் காரணமும் நனைந்த ஜொயின்ற்தான். ஒவ்வொரு செட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் கசிவு சேர்ந்து 30 மில்லி அம்பியரை எட்டியதும் அது தன் வேலையைச் செய்கிறது. எல்லாவற்றையும் ஒரே ட்றிப்பில் தொங்கவிடாமல் மூன்று நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ட்றிப் கேட்க வேண்டும். சும்மா விழுகுது அண்ணை என்று அதைக் கழற்றி நேரடியாகக் கொடுப்பவரை அன்றே அனுப்பிவிடுங்கள். சனம் வெறுங்காலோடு, நனைந்த வேட்டியோடு, தகரக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது. ஜெனரேற்றரில் இன்னொரு சிக்கல் உண்டு: நியூற்றலை எர்த்தோடு இணைக்காத சிறிய ஜெனரேற்றரில் கசிவு திரும்பி வர வழியில்லாததால் ட்றிப் விழாமலே போகலாம். எர்த் கம்பி அடித்து இணைத்தார்களா, ரெஸ்ற் பொத்தானை அமத்திக் காட்டினார்களா என்று பார்த்த பிறகே சுவிச் போட விடுங்கள்.

வீதி நீளமென்றால் வயர் தடிப்பையும் கேளுங்கள். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 100 மீற்றர் இழுத்து 5 அம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 18 வோல்ற் வழியிலேயே போய்விடும். 2.5 வயரில் அது 7 வோல்ற்.

பொதியில் காசுக்குப் பெறுமதியானது ஃபிளட்லைற்தான். சிறிய கோபுரத்துக்கு 50 வாற் எல்இடி இரண்டு போதும். சுவரோடு ஒட்டிவைத்தால் அடியில் மட்டும் வெள்ளையடிக்கும். மூன்று நான்கு மீற்றர் தள்ளி, இரு பக்கத்திலிருந்தும் மேல்நோக்கிச் சாய்த்தால் சுதைச் சிற்பங்களின் மடிப்பெல்லாம் தெரியும். 6500 கே என்று எழுதிய நீலவெள்ளையைத் தவிர்த்து இளமஞ்சளான 3000 கே கேளுங்கள். நிறத்துக்காக மட்டுமல்ல. மழை விட்ட அந்தியில் ஈசல் நீலவெள்ளைக்குத்தான் கூடுதலாக வந்து மொய்க்கும். மடைப்பள்ளிப் பக்கம் எந்த ஃபிளட்லைற்றும் வேண்டாம், பொங்கல் பானைக்குள் இறக்கை மிதக்கும்.

ஜப்பானில் நாரா நகரத்துக் கசுகா ஆலயத்தின் விளக்கு விழா வீடியோவைக் காட்டி, இப்படிச் செய்ய முடியுமா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அங்கே கல்லாலும் வெண்கலத்தாலுமான விளக்குக்கூடுகள் ஏறத்தாழ 3000. பெப்ரவரித் தொடக்கத்தில் ஓரிரவும் ஓகஸ்ற் 14, 15 இரவுகளும் ஏற்றுகிறார்கள். 3000 நமக்குத் தேவையில்லை. அங்கே எடுத்துக்கொள்ளக் கூடியது வேறு: வெளிச்சம் ஆள் உயரத்துக்குள் நிற்கிறது, மறைப்புக்குள் எரிகிறது, எதுவும் மின்னி மின்னி ஓடுவதில்லை. கடையில் அதற்கென்று ஒரு பொருளும் இல்லை. சீரியலின் கொன்ரோல் பெட்டியை நிலையாக எரியும் நிலையில் விடச் சொன்னாலே பாதி வந்துவிடும்.

மிச்சப் பாதிக்குச் சிட்டி விளக்குத்தான். ஒன்றுக்கு 20 மில்லிலீற்றர் பிடித்தால் 100 சிட்டிக்கு 2 லீற்றர் எண்ணெய், ஒற்றைத் திரியில் இரண்டரை மணித்தியாலமளவுக்கு எரியும். புதுச் சிட்டியைச் சில மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு, மேற்புறத்தைக் காயவைத்து எடுங்கள். இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடிக்கும். தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உறையத் தொடங்குவதால் திருவெம்பாவை விடியற்காலையில் திரி ஊறாமல் கருகும். நல்லெண்ணெய் அப்படி உறையாது. இலுப்பெண்ணெய் கிடைத்தாலும் அதுவும் குளிருக்கு இறுகும், சூடாக்கித்தான் ஊற்ற வேண்டும். காற்றுக்குக் கோம்பைச் சிரட்டைக்குள் வைத்து மதிலின் உட்பக்கமாக அடுக்கினால் அணைவது குறையும்.

சோலார் பல்ப் மாலை மாரியில் வீண். பகல் முழுக்க மூடிக்கிடக்கும் வானத்தில் அந்தக் கையகலப் பனல் சேர்க்கும் மின்சாரம் அர்த்தசாமப் பூசைவரை வராது. மாசி பிறந்த பிறகு வாங்கலாம்.

சொக்கப்பானை கொளுத்தும் கோயிலென்றால் அந்தப் பக்கத்துச் சீரியலை முதலே கழற்றச் சொல்லுங்கள். காய்ந்த ஓலைப் பொறி காற்றோடு தூரம் போகும்.

விலை பேசும்போது இரவு முழுக்க ஒரு ஆள் நிற்பாரா, மழையால் அணைந்த பகுதிக்குக் கழிவு உண்டா, ஜெனரேற்றர் எண்ணெய் யாருடைய செலவு என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். முற்பணம் பாதி, மிச்சம் மறுநாள் வயரெல்லாம் கழற்றி, மரத்தில் அடித்த ஆணியும் பிடுங்கிய பிறகு.