குஷ் அரச மரபுச் சுவர்ப்படம்: அஸ்பெல்தாவின் கிளையில் நேர்ந்த பிழை

அலாராவில் தொடங்கி, இன்றைய சூடானில் இருந்த பண்டைய குஷ் நாட்டு அரசர்களின் மரபை ஒரே தாளில் காட்டும் இந்தச் சுவர்ப்படத்தின் அச்சிலும் தாளின் தரத்திலும் குறை சொல்ல இடமில்லை. காஷ்டா, பியே, பியேயின் மகன் தஹார்கா ஆகியோரைக் கண் சிக்கலின்றித் தொடர முடிகிறது. ஆயினும் நான் இதை வாங்கியது அஸ்பெல்தாவுக்காக. அவரை எட்டியதும் படம் தடுமாறுகிறது.

கி.மு. 600ஐ ஒட்டிக் குஷ் நாட்டின் நபாத்தா நகரில் ஆட்சிக்கு வந்த அவரைச் செங்கமனிஸ்கெனின் மகன் என ஒற்றைத் தடித்த கோட்டால் இணைத்துவிட்டு, அவருக்கு முன் ஆண்ட சகோதரர் அன்லமானியை ஓரத்துப் பெட்டி ஒன்றில் ஒதுக்கியிருக்கிறார்கள். தந்தைக்குப் பின் மகன் என்னும் வாய்பாட்டுக்குள் குஷ் நாட்டை அடக்க முயன்றதன் விளைவு இது. நபாத்தாவை அடுத்த ஜெபெல் பர்கல் மலையில் கிடைத்த அஸ்பெல்தாவின் தேர்வுக் கல்வெட்டோ, அரசர் மறைந்தபின் படையினர் மலையருகே கூடியதையும், அரச சகோதரர்கள் ஆமுன் தெய்வத்தின் முன் நிறுத்தப்பட்டபோது தெய்வம் எவரையும் ஏற்காததையும், பின்னர் அஸ்பெல்தாவைத் தனியே நிறுத்தியபோதே அவரை அரசராக அறிவித்ததையும் விரிவாகச் சொல்கிறது. தாய் நசல்சாவில் தொடங்கிப் பல தலைமுறைப் பெண்களை வரிசைப்படுத்தியே அது அவருடைய உரிமையை நிலைநாட்டுகிறது. படத்தில் அந்தத் தாய்வழிக்கு ஒரு கோடுகூட இல்லை. நசல்சாவின் பெயரே வெளிர்சாம்பல் நிறத்தில், உருப்பெருக்கி கேட்கும் அளவில் நிற்கிறது.

அக்கல்வெட்டில் அரசரின் பெயரையும் பெற்றோர், தாய்வழி மூதாதையர் பெயர்களையும் பின்னாளில் எவரோ செதுக்கி அழித்திருக்கிறார்கள். வாரிசுரிமைப் பூசல் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஐயுறுவதற்கு இதுவும் ஒரு காரணம். செங்கமனிஸ்கெனே தந்தை என்பது பிற சான்றுகளைக் கொண்டு ஊகித்தறிந்த முடிவாதலால், அந்தக் கோட்டைப் புள்ளியிட்டு வரைந்திருப்பதே நேர்மை.

மனைவியர் பகுதி இதைவிடச் செம்மையானது. அரசி ஹெனுத்தகெபித்தும், ஆட்சியின் 3ஆம் ஆண்டில் மதிகென் என்னும் அரசகுலப் பெண்ணின் இடத்தில் ஆமுன் கோயிற்பணி ஏற்ற அவர் மகள் கெப்பும் உரிய இடத்தில் இருக்கிறார்கள். அரசர்களின் இடுகாடான நூரியின் 8ஆம் பிரமிடில் அஸ்பெல்தா அடக்கமானதும், அவருடைய கருங்கல் ஈமப்பேழை இன்று அமெரிக்காவின் பாஸ்டனில் இருப்பதும் அடிக்குறிப்பில் சுருக்கமாக உள்ளன.

ஆண்டவர்களின் வரிசை மட்டும் போதும் என்போர் தயங்காமல் வாங்கலாம். அரியணை எவ்வழியே கைமாறியது என்று அறிய விரும்புவோர், அரசிகளின் கோடுகளையும் சேர்த்து வரைந்த பதிப்பு வரும்வரை பொறுத்திருக்கலாம்.