8 ஜிபி ரேமில் ஆறு வருடம்

என் லேப்டாப்பில் ரேம் 8 ஜிபிதான். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. ஆறு வருடமாக அதில் லினக்ஸ் இயங்குதளம் ஓட்டுகிறேன். பிரவுசரில் முப்பது நாற்பது டேப், ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி), நடுவில் பெரிதாக ஏதாவது கம்பைல், அதாவது எழுதிய நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றுவது. அதனால் ரேம் தீர்ந்துபோவது எனக்கு வாராவாரம் நடக்கிற விஷயம்.

முதல் இரண்டு வருடம் படுமோசம். மவுஸ் பாயிண்டர் விட்டுவிட்டு நகரும், அப்புறம் நின்றுவிடும். பாட்டு மட்டும் சில நொடி ஓடும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பேன்.

ரேம் நிரம்பினால் அதிலுள்ளதை டிஸ்கில் ஒதுக்கிவைக்கும் ஸ்வாப்தான் வில்லன் என்று நினைத்து அதை நிறுத்திப் பார்த்தேன். இன்னும் மோசமானது! காரணம் பிறகுதான் புரிந்தது. ஓடுகிற புரோகிராமின் கட்டளைத் தொகுப்பும் (கோட்) டிஸ்கில் உள்ள கோப்பிலிருந்து ரேமுக்கு வந்ததுதான். இடம் நெருக்கினால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைத் தயங்காமல் தூக்கி எறியும், வேண்டும்போது திரும்பப் படித்துக்கொள்ளலாமே என்று. அடுத்த நொடியே வேண்டியிருக்கும். படிக்கும், எறியும், மறுபடி படிக்கும். ஸ்வாப் இல்லையென்றால் புரோகிராம்களின் தரவை ஒதுக்கிவைக்க வேறு இடமில்லை, அடி முழுக்க இந்தக் கோட் பக்கங்கள்மேல் விழுகிறது (ரேமைப் பங்கிடும் சின்னத் துண்டுகள்தான் பக்கங்கள்).

சரி, ரேம் தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொல்ல கெர்னலிலேயே ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் இருக்கிறதே? இருக்கிறது. லினக்ஸ் கையிருப்புக்கு மேலேயே புரோகிராம்களுக்கு வாக்குக் கொடுக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து கேட்டால் மதிப்பெண் போட்டு ஒருவரைக் கொல்லும். பெரும்பாலும் அதிக ரேம் பிடித்திருப்பவர்தான் பலி. ஆனால் கொஞ்சமாவது பக்கங்களை மீட்க முடிகிறவரை, கெர்னலைப் பொறுத்தவரை எல்லாம் நலம். அதன் கவலை தான் பிழைத்திருப்பதுதான். என் திரை உறைந்தது அதன் கணக்கிலேயே வராது.

கொல்லும்போதும் நியாயம் எதிர்பார்க்க முடியாது. ஒருமுறை கம்பைல்தான் ரேமைத் தின்றது, செத்ததோ நான்கு மணி நேரமாக வேலை செய்துகொண்டிருந்த விர்ச்சுவல் மெஷின். கம்பைலர் இருபது சின்னப் புராசஸாக (தனித்தனியாக ஓடும் வேலைகளாக) பிரிந்து நின்றதால் தப்பித்துவிட்டது. அன்றே விர்ச்சுவல் மெஷினுக்கு ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட்மென்ட்டை, அதாவது கில்லர் போடும் மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, மைனஸ் 500 ஆக்கினேன். மைனஸ் 1000 வைத்தால் கில்லர் அதைத் தொடவே தொடாது, ஆனால் அவ்வளவு சலுகைக்கு அது தகுதியில்லை.

நிலைமையை மாற்றியது இரண்டு விஷயங்கள். ஒன்று இயர்லிஓஓஎம், கெர்னலுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் ஒரு சின்ன புரோகிராம். மிச்சமுள்ள ரேம், ஸ்வாப் இரண்டும் 10 சதவீதத்துக்குக் கீழே போனதும் பெரிய புராசஸை மூடச் சொல்லும், 5 சதவீதத்தில் கொன்றே விடும். மற்றது இசட்ரேம். பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பாமல் ரேமிலேயே சுருக்கி வைக்கும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2020-லேயே இவ்விரண்டையும் இயல்பு அமைப்பாக்கியது, நான் தாமதமாக விழித்தேன். இதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி-ஓஓஎம்டியையும் சில மாதம் வைத்திருந்தேன். அது புராசஸ்களைக் குழுவாகப் பார்க்கிறது. ஒரு டேப் போக வேண்டிய இடத்தில் பிரவுசரே போனது, விட்டுவிட்டேன்.

வேலைக்குப் பயன்படுத்துவது விண்டோஸ். ரேமும் பேஜ்ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப்) சேர்ந்த அளவுக்கு மேல் அது வாக்கே கொடுக்காது, கேட்கிற புரோகிராமிடம் இல்லை என்று சொல்லிவிடும். கண்டிப்பான ஆள். எனக்கு உண்மையில் பிடித்தது ஆண்ட்ராய்டின் வழி. பின்னணியில் கிடக்கும் ஆப்பை அது எந்நேரமும் கொல்லலாம், ஆப் எழுதுபவர்களுக்கும் அது தெரியும். அதனால் முன்கூட்டியே நிலையைச் சேமித்துவைக்கிறார்கள். மேசைக் கணினி புரோகிராம்களில் பல இன்னும் தாங்கள் சாகவே மாட்டோம் என்ற நினைப்பில்தான் எழுதப்படுகின்றன.

இந்த நான்கு வருடத்தில் பவர் பட்டனை அப்படி அழுத்தியது இரண்டே முறை. டேப்கள் மட்டும் அவ்வப்போது சத்தமில்லாமல் காணாமல் போகும். யார் கொன்றது என்று பார்க்க இப்போதும் சிஸ்டத்தின் பதிவேடான லாகைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.