ஏர் நிக்காத லாரியோடு நாலு வருசம்

பங்காளி ஒருத்தன் போன வாரம் கூப்பிட்டான். ஆத்தூர் பக்கம் ஒரு ஆறு வீல் லாரி விலைக்கு வருகிறதாம், ரெண்டு வருசமாக மரத்தடியில் ஓடாமல் நிற்கிறதாம். "நீயும் இப்படி ஒண்ணு வாங்கித்தான ஓட்டறே, எப்படி இருக்குது?" என்றான். போனில் பாதி சொன்னேன். மீதி இது.

என் வண்டி 2009 மாடல். 2021-ல் வாங்கும்போது கேபினில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இன்ஜினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். டீசல் ஃபில்டர் மாற்றி, கைப்பம்பில் ஏர்லாக் எடுத்ததும் மூன்றாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டரில் வருசக்கணக்காகப் போர் தண்ணியை ஊற்றி உப்பு கட்டியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்தபின் இன்றுவரை சூடேறியதில்லை. முன் சக்கரம் திரும்பும் கிங்பின்னில் கிரீஸ் நிப்பிள் எது, மண் எது என்று தெரியவில்லை. அதெல்லாம் ஒரு மாத வேலை, முடிந்தது.

முடியாதது ஏர், அதாவது பிரேக்குக்கான காற்று.

சாயங்காலம் 8 கிலோ ஏரோடு நிறுத்தினால் விடியற்காலை ஏர் மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கும். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒன்று: லாரியின் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து வைப்பது காற்று இல்லை, ஸ்பிரிங். காற்று உள்ளே நுழைந்து அந்த ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் சக்கரம் உருளும். ஏர் இறங்கினால் வண்டி உருண்டு ஓடாது, நகரவே நகராது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிழங்கு ஏற்றப் போக வேண்டிய காலை 4 மணிக்கு, 20 நிமிசம் ஆக்சிலேட்டரை மிதித்து ஏர் ஏற்றிக்கொண்டிருந்தால் எதிர்வீட்டு ஆத்தா சும்மா இருக்குமா? "ஏஞ்சாமி, வண்டிய எடுக்கறதுன்னா எடு, இல்லீனா அமத்து!"

சேகோ (ஜவ்வரிசி) ஆலை வாசலில் இன்னும் கேவலம். மரவள்ளி சீசனில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்தால், வரிசை நகரும்போது என் வண்டி மட்டும் பிரேக் இறுகி நிற்கும். பின்னால் பத்து வண்டி ஹாரன். அப்புறம் அணைப்பதையே விட்டுவிட்டேன். மிச்சம் பிடித்த டீசல் போச்சு.

லீக் தேடி, சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷுமாக வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். முதலில் பின் இடது பிரேக் சேம்பரில் (பிரேக்கை இயக்கும் காற்று டப்பா) டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு. அதை மாற்றினால் பெடல் வால்வு ஊதியது. அதற்கு ரப்பர் கிட் போட்டால் ஹேண்ட் பிரேக் வால்வு. பைபாஸ் ஓரத்துப் பட்டறை ஒன்றில் டியூப் எல்லாம் புதுசாக மாற்றி 14,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் மாதம் மறுபடி 'உஸ்ஸ்'. பழைய ஓனர் சேசிஸுக்கு அடியில் ஒரு ஜாயின்டில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டுக்கம்பி போட்டிருந்தார். நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கட்டு மட்டும் கடைசிவரை ஊதவே இல்லை.

(சேம்பரைக் கழற்றுவேன் என்று யாரும் இறங்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிடிவிட்டுத் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.)

எட்டு வருசம் தாண்டிய வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று. அந்த வேலைக்காக இந்தத் தடவை வயசான ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் லீக் பக்கமே போகவில்லை. ஏர் டேங்கில் தண்ணி வடிக்கும் டிரெயினைத் திறந்து, வழிந்ததை விரலில் தொட்டுக் காட்டினார். மோரில் எண்ணெய் கலந்த மாதிரி வெள்ளையாக, கொழகொழவென்று. "நீ ஓட்டைய அடைச்சுட்டிருக்கறே கண்ணு. எண்ணெய் எங்கிருந்து வருதுன்னு பாத்தியா?"

காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்து, காற்றோடு இன்ஜின் ஆயிலும் டேங்குக்குப் போயிருக்கிறது. அது வால்வு ரப்பரையெல்லாம் ஊறவைத்து உப்ப வைக்க, ஒவ்வொன்றாக ஊதியது. நான் வாங்கிப் போட்ட புதுக் கிட் எல்லாம் அதே எண்ணெயில்தான் குளித்தது. கம்ப்ரசரிலிருந்து டேங்குக்குப் போகும் இரும்புக் குழாயில் கரி அடைத்து, விரல் நுழையும் வழி பென்சில் அளவாகியிருந்தது. ஏர் ஏற 20 நிமிசம் ஆனது அதனால்தான். அடிக்கடி ஆயில் குறைந்ததை வயசான இன்ஜின் குடிக்கிறது என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன், பாவம். கம்ப்ரசர் வேலை, குழாய், வால்வு கிட் மறுபடி ஒரு சுற்று: எல்லாம் சேர்த்து 19,000.

வாங்கிய அன்றைக்கே டேங்க் டிரெயின் துருவேறி இறுகிக் கிடந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். தினமும் சாயங்காலம் திறந்து தண்ணியை வடித்திருந்தால் முதல் வாரத்திலேயே அந்த மோரைப் பார்த்திருப்பேன். பழைய ஓனரை நாலு வருசம் திட்டினேன், நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

இப்போது காலையில் முள் ஆறில் நிற்கிறது. முதல் நாள் மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்.

பங்காளியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். மீறிப் போனால், விற்கிறவன் ஸ்டார்ட் பண்ணும் முன்னால் போய் ஏர் முள்ளைப் பார், டிரெயினைத் திறந்து விரலை வை என்றேன்.

"அப்ப உன்ற வண்டிய எனக்குக் குடுத்துர்றியா?" என்றான்.

லோடுக்கு நேரமாச்சு என்று போனை வைத்துவிட்டேன்.