பாரம்பரிய வில்லுக்கு வேட்டை அம்புத் தண்டு: கார்பன், அலுமினியம், மரம், எதை வாங்கலாம்?

தண்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வில்லில் எழுதியிருக்கும் இழுவிசைப் பவுண்டைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த எண் 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. 26 அங்குலம் இழுப்பவர் கையில் அதே வில் நான்கைந்து பவுண்டு குறைந்துவிடும். வில்லைக் கொக்கித் தராசில் மாட்டி, உங்கள் இழுப்பு நீளத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்த பிறகு தண்டுக்குப் போங்கள். அதற்கும் முன்னால் முனையை முடிவு செய்துவிட வேண்டும். வேட்டை முனை 125 கிரெயினா 200 கிரெயினா (அம்பை எடைபோடும் சிறிய அலகு) என்று தெரியாமல் தண்டின் விறைப்பைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. முன்பாரம் கூடினால் தண்டு நாண் தள்ளும்போது அதிகம் நெளியும். நீளத்தைக் குறைத்தால் விறைக்கும். முதலில் முனை, அடுத்து நீளம், பிறகு ஸ்பைன் (தண்டின் விறைப்பு அளவு), கடைசியில்தான் கார்பனா மரமா என்ற கேள்வி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் தண்டைக் குறை சொல்கிறார்கள்.

ஸ்பைன் எண்களில் ஒரு குழப்பம் உண்டு. மரத் தண்டை 26 அங்குல இடைவெளியில் இரண்டு முட்டுகளின் மேல் வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு அளப்பார்கள். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26ஐ வகுத்தால் பவுண்டுக் கணக்கு வரும்: 0.52 அங்குலம் தொய்ந்தால் அது 50 பவுண்டுத் தண்டு. கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் இடைவெளி 28 அங்குலம், எடை 1.94 பவுண்டு, தொய்வு 0.500 அங்குலம் என்றால் தண்டின் மேல் 500 என்று அச்சிடுவார்கள். அதாவது மரத்தில் எண் ஏறினால் விறைப்பு ஏறும், கார்பனில் எண் ஏறினால் விறைப்பு இறங்கும். 500 கார்பனை மரக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 63 பவுண்டு வரும். ஆனாலும் அதே 500 தண்டு கனமான முனையோடு 45 பவுண்டு ரீகர்வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) ஒழுங்காகப் பறக்கும். எனவே ஒரு வகைத் தண்டின் அட்டவணையை வைத்துக்கொண்டு இன்னொரு வகையை வாங்கக் கூடாது.

வில்லின் வெட்டும் முக்கியம். அம்பு உட்காரும் இடம் நடுக்கோடு வரை வெட்டப்பட்ட ரீகர்வ் விறைப்பான தண்டைப் பொறுத்துக்கொள்ளும். நடுக்கோட்டுக்கு வெளியிலேயே நிற்கும் பழைய பாணி லாங்போவில் (நுனி வளையாத நீண்ட வில்) அம்பு கைப்பிடியைச் சுற்றி நெளிந்து போக வேண்டும். அதனால் இழுவிசையைவிட ஐந்து பத்து பவுண்டு குறைந்த ஸ்பைனில் தொடங்குவது நல்லது. நீளும் டேக்ரான் நாணை எடுத்துவிட்டு நீளாத ஃபாஸ்ட் ஃபிளைட் வகை நாண் போட்டால், ஸ்பைனை ஏறக்குறைய ஐந்து பவுண்டு கூட்ட வேண்டியிருக்கும்.

இனி தண்டுகள். வேட்டைக்கு ஒரே ஒரு வில் வைத்திருப்பவருக்குக் கார்பன்தான் எங்கள் முதல் தேர்வு. கார்பன் வளைந்தபடியே நின்றுவிடாது, ஈரத்தில் கோணாது, எடை பெரும்பாலும் தண்டுக்குத் தண்டு ஒத்திருக்கும். வெறும் தண்டு லேசானது என்பதால் எடையை எங்கே சேர்ப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அங்குலத்துக்கு 8 கிரெயின் வரும் தண்டை 29 அங்குலத்தில் எடுத்தால் 232 கிரெயின். இன்சர்ட் (முனையைத் திருகத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு) 20, முனை 175, நாக்கும் (நாணில் மாட்டும் பிளவுள்ள பின்முனை) இறகும் சேர்ந்து 20 என்று கூட்டினால் மொத்தம் 447 கிரெயின், அதாவது 29 கிராம். 45 பவுண்டு வில்லுக்கு இது பவுண்டுக்குப் பத்து கிரெயின், மான் அளவு விலங்குக்குப் போதும். பவுண்டுக்கு எட்டுக்குக் கீழே இறங்கினால் ஊடுருவல் குறையும், வில்லின் சத்தம் கூடும், அம்புக்குள் போகாத விசை வில்லின் மேல், கீழ் வளைபகுதிகளையே உலுக்கும். அலுமினிய இன்சர்ட்டுக்குப் பதிலாக 50 அல்லது 100 கிரெயின் பித்தளை இன்சர்ட் போட்டால் எடை முன்னால் சேரும். அப்போது தண்டு மேலும் நெளியும் என்பதை மறக்காமல் ஸ்பைனை ஒரு படி விறைப்பாக எடுக்க வேண்டும்.

கார்பன் விற்பவர்கள் தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை 0.006, 0.003, 0.001 அங்குலம் என்று பிரித்து விலை ஏற்றுவார்கள். விரலால் நாண் விட்டு இருபது கெஜத்தில் எய்பவருக்கு 0.001 காசைக் கரைக்கும் வேலை. அந்தப் பணத்தில் ஒரு எடைத் தராசும் நல்ல இறகும் வாங்கலாம்.

கார்பனின் உண்மையான குறை அது உடையும் விதம். கல்லிலோ இன்னொரு அம்பிலோ மோதிய தண்டு வெளியே சரியாகத் தெரிந்தாலும் உள்ளே இழை பிரிந்திருக்கலாம். அதை மறுபடி நாணில் ஏற்றி எய்தால் உடைந்து வில் பிடித்த கைக்குள் ஏறலாம். ஆகவே ஒவ்வொரு எய்தலுக்கும் முன்பு இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு எதிரே இல்லாமல் லேசாக வளைத்து, கால் சுற்றுத் திருப்பி மறுபடி வளையுங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டாலோ கீறல் தெரிந்தாலோ தண்டை இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்து எய்துவிடுவார்கள். விலங்குக்குள் உடைந்த கார்பன் இருந்தால் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். கார்பனைக் குழாய் வெட்டும் கருவியால் வெட்டினால் நசுங்கிப் பிளக்கும். வேகமாகச் சுற்றும் தேய்ப்புச் சக்கரத்தில், முகக்கவசம் போட்டு வெட்டுங்கள். இன்சர்ட்டுக்கு எப்பாக்சி போதும். சூடேற்றி உருக்கும் பசையைப் போட்டு, கழற்றும்போது தீயில் காட்டினால் தண்டின் ரெசின் கெட்டுவிடும்.

அலுமினியத்தைப் பழைய சரக்கு என்று ஒதுக்குகிறார்கள், அது நியாயமில்லை. ஈஸ்டன் நிறுவனத்தின் தண்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்: முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டம், 64இல் எத்தனை பங்கு அங்குலம் என்று, அடுத்த இரண்டு சுவர்த்தடிமன், ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. 2117 என்றால் விட்டம் 21/64 அங்குலம், சுவர் 0.017. அங்குலத்துக்கு 12 கிரெயின், தொய்வு 0.400. 2016 அதைவிட நெகிழ்வு: 10.6 கிரெயின், 0.531. இந்த 2016ஐ 29 அங்குலத்தில் 145 கிரெயின் முனையோடு கட்டினால், தனியாக எடை சேர்க்காமலேயே ஏறக்குறைய 500 கிரெயின் வந்துவிடும். தண்டு நன்றாக நேராக இருக்கும், இன்சர்ட்டைச் சூடாக்கித் திருப்பி முனையின் கோணத்தைத் திருத்தலாம்.

குறை என்ன? வளையும். மரத்தில் உரசிப் போன அம்பை அப்படியே அம்புக்கூட்டில் செருகாமல், இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்து ஊதிச் சுழற்றிப் பாருங்கள். முனை நடுங்கினால் தண்டு கோணல். லேசான கோணலை நிமிர்த்தலாம், பள்ளம் விழுந்ததை நிமிர்த்த முயலக் கூடாது. வில்லில் உரசினால் உலோகச் சத்தம் வரும் என்பதால் அம்பு உட்காரும் இடத்தில் தோலோ மென்மயிர்த் துணியோ ஒட்டியாக வேண்டும்.

மரத் தண்டின் மேல் ஆசை இருப்பவர்களை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சத்தம் குறைவு, இயல்பாகவே கனம், கையில் இருக்கும் சுகம் தனி. ஆனால் 'ஒரு டஜன்' என்று கண்ணை மூடி வாங்கினால் பன்னிரண்டு விதமான அம்பு கிடைக்கும். ஸ்பைனில் ஐந்து பவுண்டுக்குள்ளும் எடையில் பத்து கிரெயினுக்குள்ளும் பொறுக்கிப் பிரித்த கட்டாகவே கேளுங்கள். பிரிக்காத மலிவுக் கட்டு வெறும் பயிற்சிக்கும் ஆகாது. போர்ட் ஆர்ஃபோர்டு சீடார் மரம் இன்றும் அளவுகோல் போல இருக்கிறது: நேராக நிற்கும், எடைக்கு விறைப்பு உண்டு. டக்ளஸ் ஃபிர் அதைவிடக் கனமும் உறுதியும், நிமிர்த்தத்தான் மெனக்கெட வேண்டும். ஆஷ், ஹிக்கரி போன்ற கெட்டி மரங்கள் இன்னும் கனம்.

மரத்தின் ரேகையை நன்றாகப் பாருங்கள். தண்டின் பக்கவாட்டில் ரேகை ஓடி வெளியேறும் இடங்கள்தான் உடையும் இடங்கள். இடையிலேயே கூர்மையாக வெளியேறும் ரேகை உள்ள தண்டை வேட்டைக்கு எடுக்கக் கூடாது. நாக்கின் பிளவை வளர்ச்சி வளையங்களுக்குக் குறுக்காக அமைக்க வேண்டும், அப்போதுதான் விறைப்பான பக்கம் வில்லின் மேல் படும். மேல்பக்கம் வெளியேறும் ரேகையின் கூர், அம்பின் முனை இருக்கும் முன்பக்கத்தை நோக்கி இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். தப்பித் தவறி உடைந்தாலும் சிராய் கையை விட்டு மேலே எழும்பிப் போகும். முனை பொருந்த 5 பாகை, நாக்கு பொருந்த 11 பாகைக் கூம்பாகத் தண்டைச் சீவ வேண்டும். பின்பகுதி ஒன்பது, பத்து அங்குலத்தை விட்டம் 11/32 அங்குலத்திலிருந்து 5/16 வரை குறையும்படி இழைத்தால் நெளிவிலிருந்து தண்டு சீக்கிரம் மீளும். பாலியூரிதேன் இரண்டு மூன்று பூச்சு போடாமல் மழையில் எடுத்துப் போனால் கோணிவிடும். முனைக்குப் பின்னால் ஒடிவதுதான் வழக்கமான முடிவு, முன்பகுதியில் கெட்டி மரத்தைப் பொருத்திய தண்டு அதைத் தள்ளிப்போடும். மூங்கில் தண்டு உறுதியில் இவை எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் ஒவ்வொரு கணுவையும் அராவி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிமிர்த்திப் பொருத்தப் பொறுமை வேண்டும். ஃபைபர் கிளாஸ் அனாவசியக் கனம், விட்டுவிடலாம்.

எதை வாங்கினாலும் முழு டஜனை முதலில் வாங்காதீர்கள். அருகருகே உள்ள இரண்டு ஸ்பைன்களில் இரண்டிரண்டு தண்டு வாங்கி, வெட்டாமல் முழு நீளத்தில், இறகில்லாமல் எய்து பாருங்கள். முதலில் பத்து கெஜம், பிறகு இருபது. நாண்குறியின் (நாணில் அம்பை மாட்டும் இடத்தின் அடையாளம்) உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள்: வெறும் தண்டு இறகுள்ள அம்புக்கு மேலே பாய்ந்தால் குறி தாழ்வாக இருக்கிறது. அது ஒழுங்கான பிறகு பக்கவாட்டைப் பாருங்கள். வலக்கை வில்லாளிக்கு, வெறும் தண்டு இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம், வலப்பக்கம் விழுந்தால் குறைவு. வலப்பக்கம் என்றால் கால் அங்குலம் காலங்குலமாக வெட்டுங்கள், ஒரேயடியாக ஓர் அங்குலம் வெட்டினால் திரும்பி வர வழியில்லை. இடப்பக்கம் என்றால் 25 கிரெயின் கூடுதல் முனை போட்டுப் பாருங்கள். மிகவும் நெகிழ்ந்த தண்டு வில்லில் மோதி இடப்பக்கம் தெறித்து, விறைப்பு போல ஏமாற்றுவதும் உண்டு. கைப்பிடியில் 'டக்' என்று சத்தம் வந்தால், அம்பு உட்காரும் இடத்தில் உதட்டுச்சாயம் தடவி எய்து, தண்டில் கறை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் மீதித் தண்டுகளுக்குப் பணம் கொடுங்கள்.