எஸ்பிரெசோ இயந்திரம் வாங்குமுன்: "ஏழு நாள்தான்" என்று சொல்லும் கடையிடம் எச்சரிக்கை

டர்பனில் வீட்டுக்குச் சிறிய எஸ்பிரெசோ இயந்திரம் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். நகர மையத்தில் உள்ள ஒரு வீட்டுச் சாதனக் கடை, ஏற்கெனவே பிரித்துப் பழுதுபார்த்த இயந்திரத்தைப் புதியது என்று சொல்லி எங்கள் தலையில் கட்டியது. கேட்கப் போனபோது, சட்டத்தில் இல்லாத விதிகளைக் காட்டித் திருப்பி அனுப்பியது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் இதைக் கண்டுகொள்ளலாம்.

எங்கள் சமையலறை மேடை குறுகியது. அதனால் 15 செ.மீ. அகலமே உள்ள மெலிந்த வகையைத்தான் பார்த்தோம். விற்பனையாளர் வாய்க்கு வாய் "அண்ணா" போட்டுப் பேசினார். "அது 15 பார், இது 20 பார். அழுத்தம் கூடக் கூடக் காபி திக்காக இறங்கும் அண்ணா" என்றார். (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு.) சுத்தப் பொய். 1961இல் இத்தாலியின் ஃபேமா நிறுவனம் மின்பம்ப் பொருத்திய இ61 இயந்திரத்தைக் கொண்டுவந்ததிலிருந்து, காபித்தூளின் மேல் விழ வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய 9 பார் என்பதுதான் வழக்கம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 15, 20 எல்லாம் நீர் ஓட வழியில்லாமல் அடைபட்டு நிற்கும்போது பம்ப் எட்டக்கூடிய உச்சம். அந்த எண் கூடுவதால் சுவை கூடாது. அழுத்தம் அளவுக்கு மீறினால் நீர் தூளைப் பிளந்துகொண்டு ஒரு பக்கமாக ஓடி, காபி ஒரே நேரத்தில் கசந்தும் புளித்தும் இறங்கும்.

அடுத்ததாக என் மனைவி தூளைப் பற்றிக் கேட்டார். "எந்தத் தூளும் போடலாம் அக்கா. ஊரிலிருந்து வரும் சிக்கரி கலந்த ஃபில்டர் தூளையே போடுங்கள், நுரை தளும்பும்" என்று பதில் வந்தது. இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதையே எங்கள்மேல் திருப்பினார்கள். அந்த நுரைக்குக் காரணம் தூளின் தரம் அல்ல. தூள் நிரப்பும் சல்லடைக் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் நிறையத் துளைகளும் அடிப்பக்கம் ஒரே ஒரு ஊசித் துளையும் இருந்தால் அது இரட்டைச் சுவர்க் கிண்ணம். நீரை அந்தத் துளை வழியே பீய்ச்சி நுரையைச் செயற்கையாக எழுப்பும். பழைய தூளுக்கும் அதே நுரைதான். நல்ல கொட்டையை அரைத்துப் போட்டுக் குடிக்க விரும்புபவருக்கு ஒற்றைச் சுவர்க் கிண்ணம் வேண்டும், கூடவே நேர்த்தியான அரவை இயந்திரமும் வேண்டும். 18 கிராம் தூளிலிருந்து 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் காபி இறங்குவதுதான் பலரும் தொடங்கும் அளவு. அரவை சரியில்லாமல் இந்தக் கணக்கு ஒத்துவராது.

வாங்கி ஆறு மாதம் ஆவதற்குள், தூள் கிண்ணத்தைத் தாங்கும் கைப்பிடியை இயந்திரத்தில் பூட்டும் இடத்தில் நீர் கசிந்தது. பிறகு சூடேறுவதே நின்றுபோனது. கடையில் முதலில் லோட்ஷெடிங்கைக் காரணம் காட்டினார்கள். எங்கள் பகுதியில் அப்போது மின்வெட்டே இல்லை என்றதும், "சிக்கரித் தூள் போட்டீர்களா? அப்படியானால் உத்தரவாதம் செல்லாது" என்றார்கள். போடச் சொன்னவரே பக்கத்தில் நின்று வாய் திறக்கவில்லை! கடைசியில் ரசீதின் பின்புறத்தைத் திருப்பி, "பொருளைத் திரும்பப் பெற ஏழு நாள்தான்" என்ற வரியைக் காட்டினார்கள்.

இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ சேவை மையத்துக்கு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். வரிசை எண் அவர்களுடைய இறக்குமதிப் பட்டியலிலேயே இல்லை. அடித்தகட்டின் திருகுகள் தேய்ந்திருந்தன, உள்ளே ரப்பர் வளையம் வேறு அளவில் மாற்றப்பட்டிருந்தது. அங்கிருந்த தொழில்நுட்பர் நேர்மையானவர். பார்த்ததையெல்லாம் எழுத்தில் கொடுத்தார். இப்போது எங்கள் கையில் உள்ள பலமான சான்று அந்தக் கடிதம்தான்.

கடை சொன்னதும் சட்டமும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 56ஆம் பிரிவின்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் கடையின் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, வேறு பொருள் பெறுவதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று தேர்ந்தெடுப்பவர் வாங்கியவர், கடை அல்ல. பழுதுபார்த்த பிறகு மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால், பொருளை மாற்ற வேண்டும் அல்லது பணத்தைக் கொடுக்க வேண்டும். ரசீதில் எதை அச்சிட்டாலும் இந்த உரிமை போகாது. நேரில் வாங்கிய பொருள் பழுதில்லாமல் இருந்து, நமக்கே மனம் மாறினால் மட்டும்தான் கடை தன் விருப்பப்படி நாள் குறிக்கலாம். இணையத்தில் வாங்கினால் நிலை வேறு: கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே வாங்குவதை ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் முக்கியம். புதுப்பித்த பொருளானாலும், வணிகச் சின்ன உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் வேறு வழியில் இறக்குமதியான பொருளானாலும், அதைக் கண்ணில் படும்படி எழுதி ஒட்டித்தான் விற்க வேண்டும். எங்கள் பெட்டியில் அப்படி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆகவே பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். வரிசை எண்ணைப் படம் எடுத்து, அங்கே நின்றபடியே சேவை மையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். நீர்த்தொட்டியில் ஈரமோ வெள்ளைப் படிவோ இருந்தால் யாரோ பயன்படுத்தியிருக்கலாம், வாங்காதீர்கள். பார் எண்ணை விட்டுவிட்டு, கைப்பிடியின் விட்டம் 51, 54, 58 மி.மீ. என்பவற்றில் எது என்று கேளுங்கள். 58 என்றால் கிண்ணமும் மற்ற உதிரிகளும் எளிதாகக் கிடைக்கும். 51இல் ஒற்றைச் சுவர்க் கிண்ணம் தேடி அலைய நேரலாம். தொட்டியை மேலிருந்து கழற்ற வேண்டுமென்றால் மேல் அலமாரிக்கும் இயந்திரத்துக்கும் இடைவெளி இருக்கிறதா என்று அளந்து வையுங்கள்.

நாங்கள் கடைக்கு எழுத்தில் கொடுத்துப் பலன் இல்லாததால் நுகர்பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கிறோம். கட்டணம் எதுவும் இல்லை. புகார் போனதும் கடையின் குரல் மாறிவிட்டது: பாதித் தொகைக்குப் பரிசுக் கூப்பன் தருகிறார்களாம். மறுத்துவிட்டோம், முழுப் பணமும் வேண்டும். அதே மாதிரிப் பெட்டிகள் இன்னும் அவர்கள் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. அங்கே வாங்கி இன்னும் ஆறு மாதம் ஆகாதவர்கள் ரசீதை எடுத்துவைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், நாங்கள் கொடுத்த புகார்க் கடிதத்தின் நகலை அனுப்புகிறேன்.