14,500 ரூபாய் போச்சு: சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கப் போறவங்க இத படிச்சிட்டுப் போங்க

ஆத்திரம் இன்னும் அடங்கல, அதனால எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நேத்து சாயங்காலம்தான் கடைசியா அந்தக் கடைக்குப் போய்ட்டு வெறுங்கையோட திரும்பினேன். பேர் போடல, போட்டா அது தனி தலைவலி. சென்னைல ஒரு மெயின் ரோட்டு மேல கண்ணாடி போட்ட பெரிய சைக்கிள் கடை, அவ்ளோதான். சைக்கிள் கம்ப்யூட்டரும் (ஹேண்டில்பார்ல மாட்டி தூரம், ஹார்ட் ரேட்லாம் பாக்கற குட்டி மெஷின்) அதோட சேர்ற, நெஞ்சுல கட்டற ஹார்ட் ரேட் ஸ்ட்ராப்பும் எப்படிப் பாத்து வாங்கணும்னு கடைசில டிப்ஸ் தர்றேன், மொதல்ல நடந்தத சொல்லிடறேன்.

எனக்கு 47 வயசு. ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்துட்டு டாக்டர் சைக்கிள நிறுத்த வேணாம், ஆனா ஹார்ட் ரேட் 140 தாண்டக்கூடாதுன்னு கறாரா சொல்லிட்டாரு. 220ல வயச கழிச்சா 173 வருதே சார்னேன், அது பொதுக்கணக்கு, உங்களுக்கு 140தான்னாரு. என்கிட்ட இருந்த வாட்ச் மணிக்கட்டுல பச்சை லைட் அடிச்சு ரத்த ஓட்டத்த வச்சு கணக்கு போடற ஜாதி, ஹேண்டில்பார இறுக்கிப் பிடிச்சு குண்டும் குழியுமா குலுங்கிட்டுப் போனா உளறும். நெஞ்சுல கட்டற ஸ்ட்ராப் இசிஜி மாதிரி இதயத்தோட மின்துடிப்பையே புடிக்கும்னாங்க, சரி கம்ப்யூட்டரோட சேத்தே வாங்கிடலாம்னு போனேன். வீட்டுல "கைல நாடி பிடிச்சுப் பாத்தா போதாதா, அதுக்கு இவ்ளோ காசா"ன்னு அப்பவே கேட்டாங்க. கேட்டிருக்கலாம்.

கடைக்காரர் அன்னிக்கு நடந்துக்கிட்ட விதம் இருக்கே, அத நெனச்சாதான் வயிறு எரியுது. போனதும் டீ சொன்னாரு. நான் கேக்காமலே பின் பிரேக் கேபிள டைட் பண்ணி விட்டாரு, காசு வாங்கல. 600 கிலோமீட்டர் பிஆர்எம், அதாவது நேரக் கெடு வச்சு நடத்தற நெடுந்தூர சைக்கிள் ரைடு, 40 மணி நேரத்துக்குள்ள முடிச்ச மெடல எடுத்துக் காட்டினாரு, ராத்திரி ரோட்டுல தூக்கத்தோட ஓட்டினத சொன்னாரு, இவ்ளோ ஓட்டற மனுஷன் நம்மள மாதிரி ஓட்டறவன ஏமாத்துவாரான்னு எனக்குத் தோணிச்சு பாருங்க, அங்கதான் விழுந்தேன். "ஓப்பன் பாக்ஸ் பீஸ் ஒண்ணு இருக்குண்ணா, ஒருத்தர் பிரிச்சுட்டு வேணாம்னு குடுத்துட்டாரு, புதுசு 24 ஆயிரத்துக்கு மேல, உங்களுக்கு 14,500க்கு தர்றேன், உங்ககிட்டயா நான் லாபம் பாக்கப் போறேன்"னாரு. உள்ள போய் ஸ்ட்ராப்ப அவரே கட்டிட்டு வந்து ஸ்கிரீன்ல 78னு காட்டினாரு, ரெண்டு தடவ குதிச்சாரு, 91. நானும் வாயப் பொளந்து பாத்துட்டு நின்னேன். அவர் கட்டியிருந்தது அவரோட சொந்த ஸ்ட்ராப்புன்னு எனக்குத் தெரிய ஒரு மாசம் ஆச்சு. பாக்ஸ்ல இருந்தது வேற.

பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் ஏறும், எதுக்குண்ணா வீணா, ஒரு வருஷ வாரன்டிக்கு நான் இருக்கேன்." கடை க்யூஆர் வேல செய்யலன்னு வேற யாரோ பேர்ல இருந்த நம்பருக்கு யூபிஐ பண்ணச் சொன்னாரு. பண்ணேன். 14,500.

அடுத்த ஞாயித்துக்கிழம திருவான்மியூர்ல இருந்து ஈசிஆர்ல முட்டுக்காடு போய்ட்டுத் திரும்பறேன், எதிர்காத்து, மூச்சு வாங்குது, காதுல டம் டம்னு கேக்குது, ஸ்கிரீன் சாவகாசமா 112ன்னு காட்டுது. சந்தேகப்பட்டு ஓரமா நிறுத்தி கழுத்துல விரல் வச்சு 15 செகண்டு எண்ணினேன், 39. நாலால பெருக்குங்க, 156. டாக்டர் சொன்ன அளவ தாண்டி எவ்ளோ நேரம் ஓட்டினேனோ தெரியாது. கூட வந்த நண்பரோட கம்ப்யூட்டர்ல மொத்த தூரம் 43.6, என்னோடதுல 38.1. வீட்டுக்கு வந்து ஸ்ட்ராப்ப கழட்டி டைனிங் டேபிள்ல போட்டேன், டேபிளுக்கு ஹார்ட் ரேட் 97.

திங்கக்கிழம போன் பண்ணேன். இனிமேதான் கவனிக்கணும், அவர் சொன்ன சமாதானம் ஒவ்வொண்ணும் கேக்க நியாயமா இருக்கும். "ஸ்ட்ராப்ப தண்ணில நனைச்சு கட்டணும்ணா", நெஜம்தான், காஞ்ச ஸ்ட்ராப் சரியா புடிக்காது. நனைச்சேன், அதே கூத்து. ரெண்டு நாள் கழிச்சு, ஜெர்சி பாலியஸ்டர் காத்துல படபடன்னு அடிச்சு ஸ்டேட்டிக் வருதுன்னாரு, அதுவும் நடக்கற விஷயம்தான். அடுத்து சிஆர் 2032 பேட்டரி மாத்துங்கன்னாரு, மாத்தினேன், அதுக்கும் என் காசு. அதுக்கு அடுத்து ஸ்ட்ராப் உங்க போனோட ப்ளூடூத்ல மாட்டிட்டிருக்கும்னாரு. இப்படியே மூணு வாரம் ஓடிச்சு. தூரம் ஏன் தப்பா வருதுன்னு கேட்டதுக்கு வீல் சைஸ் செட்டிங் மாத்துங்க, 700 பை 28 டயருக்கு சுத்தளவு 2136 மில்லிமீட்டர்னு போடுங்கன்னு அடிச்சாரு பாருங்க. நண்பர்தான் சிரிச்சாரு, "வீல்ல சென்சாரே இல்ல, ஜிபிஎஸ்தான் தூரத்த கணக்கு போடுது, அதுக்கு டயர் சைஸ் என்னத்துக்குய்யா?" அப்பதான் எனக்கு உறைச்சுது.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போனேன். பாக்ஸ்ல இருக்கற சீரியல் நம்பர் வேற, மெஷின் பின்னாடி இருக்கறது வேற. யாரோ நல்லா ஓட்டித் தேச்ச பழைய பீஸாம், சார்ஜ் போடற எடத்துல தண்ணி போயிருக்கு, ஸ்ட்ராப் எங்களுதே இல்லன்னு அந்தப் பொண்ணு பாவம் பாத்து மெதுவா சொல்லிச்சு.

அதுக்கப்புறம் கடைக்கு மூணு தடவ போனேன். "அண்ணா" போய் "சார்" ஆயிட்டேன், "ரீப்ளேஸ்மென்ட் ஏழு நாள்தான் சார், முடிஞ்சிருச்சே." அந்த ஏழு நாளும் நான் தண்ணில நனைச்சுட்டு இருந்தேன்யா! நேத்து போனா கடைப் பையன் "ஓனர் ஊர்ல இல்ல"ங்கறான், உள்ள டைல்ஸ் மேல சைக்கிள் ஷூ அடில இருக்கற கிளீட், பெடல்ல மாட்டற கட்டை, டக் டக்குன்னு நடக்கற சத்தம் கேக்குது. நான் நகரல. அரை மணி நேரம் கழிச்சு அவரே வெளிய வந்து "பாஸ், நீங்க கீழ போட்டிருப்பீங்க, பில் இருந்தா காட்டுங்க, பாக்கலாம்"னாரு. பில் வேணாம்னு சொன்ன அதே வாய். 14,500 ரூபாய்ங்க, பையன் ஸ்கூல் ஃபீஸுல ஒரு டெர்ம். இந்த தடவ டீயும் சொல்லல.

காலைல 1915ல, நுகர்வோர் ஹெல்ப்லைன்ல, கம்ப்ளைன்ட் குடுத்துட்டேன். 2019 நுகர்வோர் சட்டத்துல பில் குடுக்காததே முறையில்லாத வியாபாரம்னு தெளிவா இருக்கு. இதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன்தான், பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸ் இல்ல.

டிப்ஸ் எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்கெல்லாம் மனசு இல்ல, இத மட்டும் சொல்றேன். பாக்ஸ் சீரியலும் மெஷின் சீரியலும் ஒண்ணான்னு கடைலயே பாருங்க. உங்களுக்குத் தரப்போற ஸ்ட்ராப்ப உங்க நெஞ்சுலயே கட்டிப் பாருங்க, கழுத்துல எண்ணி ஒப்பிடுங்க, கழட்டினா நம்பர் போகுதான்னும் பாருங்க. பழைய போன் ஓகேன்னா அத ஹேண்டில்பார்ல மாட்டிட்டு ஸ்ட்ராப் மட்டும் தனியா வாங்கினா கூட போதும், நான் அத செஞ்சிருக்கணும். கடை பேருக்கு இல்லாம வேற பேருக்கு காசு அனுப்பாதீங்க. தெரியாம அனுப்பியிருந்தா அந்த ஸ்க்ரீன்ஷாட்ட மட்டும் டிலீட் பண்ணிடாதீங்க, இப்ப என் கைல இருக்கற ஆதாரம் அது ஒண்ணுதான்.